வீட்டுக்கரம் கட்டியாயிற்று, பள்ளிக்கூட ஓடு எப்போது மாறும்?

கோபாலபுரம்:

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் சாலையில், இரண்டு மாநிலங்கள் கைகோத்து நிற்கும் இடம் கோபாலபுரம். இங்கே கடைப் பலகையில் மலையாளமும் தமிழும் அருகருகே இருக்கும். சட்டைப் பையில் கேரளத்து ரேஷன் கார்டு இருக்கும். கல்யாணச் சம்பந்தம் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிக வரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. லாரிக்காரர்களுக்கு ஒரு வரித் தொல்லை தீர்ந்தது. ஆனால் குடியிருப்பவர்களுக்கு வரித் தொல்லை தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. செப்டம்பர் 30, மார்ச் 31 என்று ஆண்டுக்கு இரண்டு தவணை வீட்டுக்கரம் கட்டியாக வேண்டும். தவறினால் மாதா மாதம் அபராத வட்டி ஏறும்.

எல்லையோரக் கிராமங்களில் மார்ச் மாதத்துப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“ஏனுங்க மெம்பர், கரம் மட்டும் வருசா வருசம் ஏறுது. ஸ்கூல் ஓடு மட்டும் அப்படியே ஒழுகிக்கிட்டுக் கிடக்குதுங்களே?”

“கரம் வாங்குறது பஞ்சாயத்துத்தானுங்க அம்மா. அதுக்காக அந்தக் காசு பூராவும் ஸ்கூலுக்குன்னு இல்லீங்க. கிராம சபாவுல எழுதிக் குடுத்தீங்களா?”

“அது எப்பங்க நடந்துச்சு?”

இந்த மூன்று வரிகளில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வரி யாருக்குப் போகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதைத் தீர்மானிக்கும் கூட்டம் எப்போது நடக்கிறது ஆகிய மூன்றும் தெரியாத வரையில் கேள்வி கேட்பவருக்கும் பயனில்லை. பதில் சொல்பவருக்கும் சிரமமில்லை.

எந்தக் கரம் எங்கே போகிறது?

இங்குள்ளவர்கள் ‘கரம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது ஒரு வரியை அல்ல. வில்லேஜ் ஆபீசில் கட்டுவது நிலக்கரம். அது 1961ஆம் ஆண்டின் நில வரிச் சட்டப்படி மாநில சர்க்கார் வாங்குவது. பஞ்சாயத்து ஆபீசில் கட்டுவது கட்டிட வரி, அதாவது வீட்டுக்கரம். இது பஞ்சாயத்தின் சொந்த வருமானம். மாதச் சம்பளக்காரர்களும் வியாபாரிகளும் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் தொழில் வரியும் உள்ளாட்சிக்கே சேரும். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவுப்படி தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

ரயில்வே குவார்ட்டர்சில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். மத்திய சர்க்காரின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது என்று 285ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே குவார்ட்டர்சுக்கு வீட்டுக்கரம் இல்லை. ஆனால் அதே குவார்ட்டர்சில் இருக்கும் குமாஸ்தாவின் சம்பளத்தில் தொழில் வரி பிடித்தமாகும். பஞ்சாயத்துக்குப் பணம் கொடுப்பவர் என்ற உரிமை அவருக்கும் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர் நேராக வீட்டுக்கரம் கட்டுவதில்லை என்றாலும், வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

வீட்டுக்கரத்தைக் கணக்கிடும் முறை முன்பு வாடகை மதிப்பை ஒட்டி இருந்தது. 2011ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பிறகு கட்டிடத்தின் தரைப் பரப்பே அடிப்படை. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று சர்க்கார் கீழ் வரம்பும் மேல் வரம்பும் வைக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எந்தத் தொகை என்று தீர்மானிப்பது பஞ்சாயத்துக் கமிட்டி. பிறகு வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, வழி எப்படி, கட்டிடத்துக்கு வயது என்ன என்பவற்றைப் பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு.

உதாரணமாக, சதுர மீட்டருக்கு 8 ரூபாய் என்று கமிட்டி தீர்மானித்ததாக வைத்துக்கொள்வோம். 80 சதுர மீட்டர் வீட்டுக்கு 640 ரூபாய் ஆகும். அதன் மேல் நூற்றுக்கு 5 வீதம் நூலக வரி 32 ரூபாய். மொத்தம் 672 ரூபாய். 2023-24ஆம் ஆண்டு முதல் வரியை ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் உயர்த்தும் முறை வந்தது. அப்படியானால் அந்த 640 ரூபாய் ஐந்து உயர்வுகளில் 800 ரூபாயை எட்டிவிடும். கள் இறக்குபவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், திருப்பூருக்குப் போய்ச் சம்பாதித்து வீடு கட்டியவர் ஆகியோருக்கு இது சின்னத் தொகை அல்ல.

அதே 2023ல் ஒரு சலுகையும் வந்தது. சொந்தமாகக் குடியிருக்கும், 60 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 646 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்கு வரி விலக்கு. ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கிடையாது. சின்ன வீட்டுக்காரர்கள் அடுத்த தவணை கட்டுமுன் தங்கள் வீட்டின் பரப்பு பஞ்சாயத்துப் பதிவேட்டில் எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது என ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?

சித்தூர் வட்டம் பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் சென்னை மாகாணம் இருக்க, நடுவில் தனித் தீவு போலக் கிடந்த பகுதி இது. பாலக்காட்டு நகரமோ சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டப்படி உள்ளூர் ஸ்தாபனங்கள் கல்வி வரி போட்டுப் பள்ளி நடத்த வழி இருந்தது. சென்னை மாநகராட்சியின் சொத்து வரியில் கல்வி வரி என்ற ஒரு பங்கு இருப்பது அந்த வழி வந்ததுதான்.

கேரளத்தின் வழி வேறு. திருவிதாங்கூரில் 1817லேயே ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவு முழுவதையும் ராஜ்யமே ஏற்க வேண்டும் என்று உத்தரவு வெளியிட்டார். 1957ல் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா பலத்த எதிர்ப்புக்கிடையே சட்டமாகி, 1959 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. எய்டெட் பள்ளி ஆசிரியர்களுக்கும் சர்க்காரே நேராகச் சம்பளம் கொடுக்கும் முறை அதனால் நிலைபெற்றது. ஆகவே வாத்தியாரின் சம்பளம் வீட்டுக்கரத்தை நம்பி இல்லை. கரம் வசூலாகாத ஏழைப் பஞ்சாயத்திலும் வாத்தியாருக்கு முதல் தேதி சம்பளம் உண்டு.

ஆனால் கட்டிடத்தின் கதை வேறு. 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பிறகு, 1995ல் தொடங்கி சர்க்கார் பள்ளிகளின் பராமரிப்பு உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கிராமப்புறத்தில் இன்றைய ஏற்பாட்டின்படி எல்.பி., யு.பி. பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஜில்லா பஞ்சாயத்தின் பொறுப்பு. ஓடு, சுவர், கக்கூஸ், குடிதண்ணீர், சமையல் கூடம் ஆகியவை இவர்கள் தலையில் வரும். வாத்தியாரை நியமிப்பது பப்ளிக் சர்வீஸ் கமிஷன் வழியாகச் சர்க்கார். எய்டெட் பள்ளியானால் நியமனமும் கட்டிடமும் மானேஜரைச் சேர்ந்தவை.

இந்த வித்தியாசம் தெரியாமல் பல மனுக்கள் வீணாகின்றன. உயர்நிலைப் பள்ளியின் சுற்றுச்சுவருக்குக் கிராமப் பஞ்சாயத்து மெம்பரைத் துரத்துவதும், எய்டெட் பள்ளியின் கூரைக்குப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டைத் திட்டுவதும் கதவு மாற்றித் தட்டுகிற காரியங்கள்.

மூன்று பைகள்

பஞ்சாயத்தின் கையில் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. சொந்த வருமானமும் சர்க்கார் தரும் பொது நோக்க மானியமும் ஒரு பை. ஆபீஸ் செலவு, தெருவிளக்கு போன்றவை பெரும்பாலும் இதிலிருந்து நடக்கும். ஒப்படைக்கப்பட்ட கட்டிடங்களையும் சாலைகளையும் பழுது பார்க்கத் தரும் பராமரிப்பு மானியம் இரண்டாவது பை. இதில் சாலைக்குத் தனியாக, சாலை அல்லாதவற்றுக்குத் தனியாகப் பங்கு உண்டு. பள்ளியின் ஓடு மாற்றுவது ‘சாலை அல்லாத’ கணக்கில் வரும். மூன்றாவது பை திட்ட நிதி. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரத் தீர்மானமாயிற்று. புது வகுப்பறை போன்ற புதிய வேலைகள் இந்தப் பையில்தான் இடம்பெற வேண்டும்.

“வீட்டுக்கரம் கட்டினேன், ஓடு மாறவில்லை” என்ற புகாருக்கு உண்மையான பதில் இதுதான். கரம் ஒரு பையில் விழுகிறது. ஓடு இன்னொரு பையிலிருந்து வர வேண்டும். அதற்காகக் கரத்துக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கக் கூடாது. சொந்த வருமானம் நன்றாக உள்ள பஞ்சாயத்து, மானியம் போதாத இடத்தில் தன் கைப் பணத்தைப் போட்டு வேலையை முடிக்கும். கரம் வசூலாகாத பஞ்சாயத்து, மானியம் வரும் வரை பாலிதீன் தாள் போட்டு ஒழுகலை மூடும்.

வரி உயர்வைப் பற்றிக் கமிட்டியில் பேச்சு வரும்போது இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மழை குறைந்த இந்தக் கிழக்குப் பகுதியில், ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து விவசாயம் செய்கிறவர்கள் மேல் வரியை ஏற்றுவது எப்படி என்று சில மெம்பர்கள் கேட்பார்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவர்கள் அவர்கள். வசூல் இல்லாமல் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் எதைக் கொடுப்பது என்று மற்றவர்கள் கேட்பார்கள். நிதி நிலைக்குழுவின் தலைவராகிய துணைப் பிரசிடெண்ட் பட்ஜெட்டைத் தயாரித்துக் கமிட்டி முன் வைப்பார். மார்ச் முடிவதற்குள் அது நிறைவேற வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

பள்ளிக்கூடத்தை முழுக்க வீட்டு வரியின் மேல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே பொதுப் பள்ளிகளின் செலவில் பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. பங்களாக்கள் நிறைந்த வட்டாரத்தில் குறைந்த வீதத்திலேயே நிறையப் பணம் கிடைக்கும். கூலிக்காரர் வட்டாரத்தில் அதிக வீதம் போட்டாலும் பணம் தேறாது. டெக்ஸாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில், தகரத் தகடு வேலை செய்யும் தொழிலாளியான டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்பவர் தம் பிள்ளைகளின் பள்ளி இடிந்து கிடப்பதைப் பார்த்து, மற்றப் பெற்றோருடன் சேர்ந்து 1968ல் வழக்குப் போட்டார். 1973 மார்ச்சில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற வித்தியாசத்தில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எல்லையோரத்து ஏழைப் பஞ்சாயத்தில் படிக்கும் பிள்ளைக்கும், எர்ணாகுளத்தில் படிக்கும் பிள்ளைக்கும் வாத்தியார் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது என்பதன் அருமை அந்தக் கதையைக் கேட்டால் விளங்கும். கட்டிட விஷயத்திலும் அந்தச் சமத்துவம் வர வேண்டுமானால், மானியப் பங்கை விட்டுவிடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும் இடம்

கேட்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் கிராம சபை ஊராட்சி முழுமைக்கும் ஒன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற குறிப்பிட்ட நாட்களில் கூடும். பொள்ளாச்சிப் பக்கத்து உறவினரின் பழக்கத்தை வைத்து இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வார்டு மெம்பர் கன்வீனர். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம். ஆயிரம் ஓட்டு உள்ள வார்டில் நூறு பேர் வர வேண்டும்.

வந்த நூறு பேரில் தொண்ணூறு பேர் வீடு, ஆடு, கிணறு முதலிய தனி ஆள் சலுகைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திரும்பிவிட்டால், பள்ளியைப் பற்றிப் பேச ஆள் இராது. கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று வருவதில்லை. ஆபீசுக்குப் போகிறவர் லீவு இல்லை என்று வருவதில்லை. நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் இருந்தால், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தேதியே தெரிவதில்லை.

சென்ற கூட்டத்துத் தீர்மானம் நிறைவேறாவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை பஞ்சாயத்துக்குச் சட்டப்படி உண்டு. ஆகவே மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிய ஒரு வரிக்கு மதிப்பு இருக்கிறது. கிராம சபையில் எழுந்த கோரிக்கை செயற்குழு, வளர்ச்சிக் கருத்தரங்கு, பஞ்சாயத்துக் கமிட்டி, ஜில்லா திட்டக் கமிட்டி என்று படிப்படியாகப் போய் அங்கீகாரம் பெறும். முதல் படியில் எழுதாதது மேல் படியில் தானாக முளைக்காது.

பஞ்சாயத்துக் கமிட்டியின் தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதைச் சித்தூர் வட்டமே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை 2000ல் வந்தபோது, வேலையும் வரியும் வரும் என்று பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுத்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டதென்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்துக் கமிட்டி லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலையிலிருந்து வரும் வருமானத்தை இழக்கத் துணிந்து எடுத்த முடிவு அது. ஹைகோர்ட்டில் 2003 டிசம்பரில் ஒரு தீர்ப்பும், 2005 ஏப்ரலில் அதற்கு மாறான தீர்ப்பும் வந்தன. 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு இயங்கவில்லை. அதைத் திரும்பத் திறக்கும் எண்ணமில்லை என்று 2017ல் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. உலகப் பெரும் கம்பெனியை எதிர்த்துத் தீர்மானம் போட்ட வட்டத்தில், பள்ளிக்கூட ஓட்டுக்கு ஒரு தீர்மானம் போடுவது முடியாத காரியம் அல்ல.

ஆறாம் நாள் கணக்கு

தமிழ் வகுப்புகளுக்குக் கட்டிடத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலைகளை எண்ணுவார்கள். அந்தக் கணக்கை வைத்தே அந்த ஆண்டுக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று நிர்ணயமாகும். பிள்ளை குறைந்தால் தமிழ் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் தமிழ் வாத்தியார் போவார். வாத்தியார் இல்லாத பள்ளிக்கு ஓடு மாற்றி என்ன பயன் என்று அடுத்த ஆண்டு கமிட்டியில் கேட்பார்கள். ஒழுகும் கூரையைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றுவதும், பிள்ளை குறைந்ததைக் காட்டிக் கூரையைக் கவனிக்காமல் விடுவதும் ஒன்றையொன்று துரத்தும்.

இடுக்கி ஜில்லாவின் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளரின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25க்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்யும்படி நிர்வாகத்துக்குச் சர்க்கார் விதிக்கலாம் என்று ஏற்பாடு இருந்தது. லயத்தில் குடியிருப்பவருக்கு வீடு கம்பெனியுடையது; வீட்டுக்கர ரசீது அவர் பெயரில் இராது. ரசீது இல்லாவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்களே. கரம் கட்டியவருக்கு மட்டும் உரிய கூட்டம் அல்ல அது.

செய்யக் கூடியவை

முதலாவது, தமிழில் எழுதலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள சர்க்கார் ஆபீசுகளுக்குத் தமிழர் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர ராஜ்யங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் சொல்கிறது. தமிழ் வகுப்பு பற்றிய மனு ஏ.இ.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டியது. கட்டிட மனு பஞ்சாயத்துக்குப் போக வேண்டியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதக் கூடாது.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழு. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் ஒரு தாய் எழுந்து கேட்டால், அது தனி மனிதரின் புகாராக இராது. பஞ்சாயத்தில் ஆரோக்கியம், கல்வி இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிலைக்குழு இருக்கிறது. அதன் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, கர ரசீதில் நூற்றுக்கு 5 என்று காணும் நூலக வரியை மறந்துவிடக் கூடாது. 1989ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி வசூலாகும் அந்தப் பணம் நூலக கவுன்சில் வழியாக நூலகங்களுக்குப் போகிறது. வார்டில் உள்ள வாசகசாலையில் தமிழ்ப் பத்திரிகையும் தமிழ்ப் பாட நூலும் வாங்கி வைக்கும்படி கேட்பது இரவல் கேட்பதாகாது. சித்தூர் சர்க்கார் கல்லூரியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்க இடம் இருக்கிறது. அந்த வாசல் வரை போய்ச் சேரப் பிள்ளைகள் வேண்டுமானால், ஒன்றாம் வகுப்பிலும் வாசகசாலையிலும் தமிழ் இருக்க வேண்டும்.

நிதி ஆண்டு மார்ச் 31ல் முடிகிறது. செலவழிக்காத பராமரிப்புப் பணம் பள்ளி வாசலில் வந்து காத்துக்கொண்டிருக்காது. வீட்டுக்கரம் கட்டப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும் அன்று, ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைக்குமுன், கவுண்டரில் இருப்பவரிடம் “எங்கள் வார்டு கிராம சபை எந்தத் தேதி?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால், அந்த ரசீதின் மதிப்பு 672 ரூபாயோடு நிற்காது.